பங்குனி ஆமைகளும் கரையோரக் காவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை முதல் பங்குனி வரை சென்னைக் கடற்கரையில் இரவில் ஆமைத் தடம் தேடி நடப்பவர்களுள் நானும் ஒருவன். கூட நடக்க வருபவர்களும், வழியில் நிறுத்தி விசாரிப்பவர்களும், பகலில் தொலைபேசியில் அழைப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னுள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் எண்ணிட்டிருக்கிறேன்.

1. நம்ம கடற்கரைக்கு வருவது எந்த ஆமை? அதைப் பங்குனி ஆமை என்று ஏன் சொல்கிறார்கள்?

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை ஆகியவை கடலில் தென்பட்டாலும், தமிழகக் கரையில் ஏறி முட்டையிடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகளே. வளர்ந்த ஆமையின் ஓடு 60 முதல் 70 செ.மீ. நீளம் இருக்கும், எடை ஏறத்தாழ 40 கிலோ.

பங்குனி மாதத்தை ஒட்டி மீனவர்கள் வைத்த பெயர் இது. உண்மையில் தை பிறந்ததுமே ஆமைகள் வரத் தொடங்கிவிடும்; மாசியில் வரத்து மிகுந்து, பங்குனியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆண் ஆமை குஞ்சாகக் கடலுக்குள் போன பிறகு கரைக்குத் திரும்புவதே இல்லை என்பதால், நாம் மணலில் காண்பதெல்லாம் தாய் ஆமைகள்தான்.

2. ஒடிசாவில் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் வருகின்றனவே, இங்கே மட்டும் ஏன் ஒன்றிரண்டு?

ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்திலும் நடப்பது கூட்டு முட்டையிடல்; உலகிலேயே மிகச் சில இடங்களில்தான் அது நிகழ்கிறது. இங்கு ஆமைகள் தனித்தனியே, எந்த இரவில் எந்த இடத்தில் ஏறும் என்று சொல்ல முடியாதபடி வருகின்றன. ஒடிசாவில் ஒரு கரையைக் காத்தால் லட்சம் கூடுகளைக் காத்ததாகும்; இங்கோ ஒரே ஒரு கூட்டுக்காக ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

3. ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து என்னதான் செய்கிறீர்கள்?

ஆமையைத் தேடுவதில்லை, தடத்தைத் தேடுகிறோம். ஈரமணலில் சிறிய டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறிப்போனது போல முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு தடம் தெரியும். பங்குனி ஆமை வலமும் இடமுமாகத் துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நடப்பதால் அதன் தடம் இரு பக்கமும் ஒத்திராது. பேராமையின் தடம் இருபுறமும் ஒரே சீராக இருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்தால் ஆமை போய்விட்டது. ஒரு தடம்தான் இருக்கிறதென்றால் எல்லாரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். ஆமை மேலே இருக்கிறது என்று பொருள்.

தடத்தின் உச்சியில் கலைந்த மணல் வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் கூடு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. முட்டையிட்ட பிறகு பங்குனி ஆமை பின்துடுப்புகளால் குழியை மூடி, உடம்பை வலமும் இடமும் சாய்த்து அடிவயிற்று ஓட்டால் மணலைத் ‘தொம் தொம்’ என்று இடித்துக் கெட்டிப்படுத்தும். பிறகு சுற்றிலும் மணலை வாரி இறைத்து அடையாளத்தைக் குலைத்துவிட்டுப் போகும். மெல்லிய கம்பை மணலில் மிக மெதுவாக இறக்கிப் பார்க்கும்போது, மற்ற இடங்களில் தடுக்கும் மணல் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இளகும். அதற்கு மேல் கம்பு கூடாது, கைதான். தோள்பட்டை மணலில் படும்படி படுத்து, முழங்கை வரை கையை விட்டுத் தோண்டும்போது விரல்நுனியில் முதல் முட்டை தட்டுப்படும். மேசைப்பந்து அளவில், அழுத்தினால் சற்றே அமுங்கும் தோலுடன், லேசான வழவழப்போடு இருக்கும். வாய் குறுகி வயிறு பருத்த குடுவை போன்ற அந்தக் குழி அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம் இருக்கும். அதற்குள் பெரும்பாலும் 100 முதல் 120 முட்டைகள் கிடக்கும்.

குழியின் ஆழத்தையும் முட்டைகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அடிமணல் கொஞ்சத்தையும் சேர்த்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் சென்று, அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டிப் புதைக்கிறோம். சென்னையில் இந்த நடை 1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சில ஆர்வலர்களால் தொடங்கப்பட்டது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அதைத் தொடர்ந்து நடத்திவருகிறது. பல இரவுகளில் ஒரு தடம்கூடக் கிடைக்காமல் கால்வலியோடு விடிந்துவிடும் என்பதையும் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.

4. முட்டையை அப்படியே விட்டுவிட்டால் என்ன? இயற்கையில் தலையிடுவது தவறில்லையா?

விட்டுவிடுவதே சிறந்தது, ஆளரவமும் விளக்கும் நாயும் குறைந்த கரைகளில் கூட்டை இருக்குமிடத்திலேயே காப்பதைத்தான் நான் ஆதரிக்கிறேன். சென்னை போன்ற நகரக் கரையில் அந்த வாய்ப்பு இல்லை. இங்கே தெருநாய்கள் இரவோடு இரவாகக் கூட்டைத் தோண்டிவிடுகின்றன, முட்டை திருடுபவர்களும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இவற்றுக்குத் தப்பிப் பொரிந்த குஞ்சுகளும் கடலுக்குப் பதிலாகச் சாலை விளக்கை நோக்கி நடந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன.

எனவே பொரிப்பகம் என்பது கெட்டுப்போன கரைக்கான தற்காலிக ஏற்பாடு. அதைச் சாதனையாகக் கொண்டாடுவதில் எனக்கு எப்போதும் சிறு தயக்கம் உண்டு. ஒரு கரையில் பொரிப்பகம் தேவைப்படுகிறது என்றால் அந்தக் கரை ஆமைக்கு ஏற்றதாக இல்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம்.

5. இடம் மாற்றினால் முட்டை கெட்டுப்போகாதா?

நேரம் தவறினால் கெட்டுப்போகும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு உட்பக்கத் தோலில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு அறுந்து இறந்துவிடும். ஆகவேதான் நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்குகிறது, கிடைத்த முட்டைகள் விடிவதற்குள் புதைக்கப்படுகின்றன. காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்பவர்கள் கூட்டைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடு முட்டைகளைப் பையில் போட்டு எடுத்துவருவதுண்டு. அப்படி வந்த முட்டைகளில் பல பொரிப்பதில்லை.

6. பொரிப்பகத்தில் பிறப்பதெல்லாம் பெண் குஞ்சுகளாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

அந்த ஆபத்து உண்மைதான். கடலாமைக்கு ஆண், பெண் என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும்; அதற்குக் குறைந்தால் ஆணும் மிகுந்தால் பெண்ணும் கூடும். 34, 35 டிகிரியை எட்டிவிட்டால் கருக்களே மடியத் தொடங்கும்.

தை மாதத்து முட்டைக்கும் பங்குனி மாதத்து முட்டைக்கும் இங்கு மணல் சூடு ஒன்றல்ல என்பதால், பருவம் முழுவதும் கூடுகளைச் சேர்ப்பதும், வெயில் ஏறும்போது பொரிப்பகத்தின் மேல் நிழல் அமைப்பதும், மணலின் வெப்பத்தைக் குறித்துவைப்பதும் அவசியமாகின்றன. ஒரே மூலையில் நெருக்கமாகக் குழிகளைத் தோண்டினால் கூடுகள் ஒன்றையொன்று சூடாக்கும். இந்தத் தவறு பழைய பொரிப்பகங்களில் நிறைய நடந்திருக்கிறது.

7. ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

ஆயிரத்துக்கு ஒன்று என்பது ஒரு தோராயமான வழக்கு. துல்லியமாக எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல. ஆனால் அதன் போக்கு சரியானதே: குஞ்சுகளில் மிகச் சிலவே முட்டையிடும் வயதை அடைகின்றன, அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஒரு தாய் ஒரு பருவத்தில் ஒன்று முதல் மூன்று கூடுகள் வரை இட்டு, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருவதால்தான் அந்த இழப்பு ஈடாகிறது.

இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்க்கும்படி கேட்பவர்களிடம் சொல்வேன். வளர்ந்த ஒரு தாய் ஆமை செத்தால், அதன் இடத்தை நிரப்ப நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வேண்டும். பொரிப்பகத்தில் எவ்வளவு உழைத்தாலும் கடலில் தாய்கள் மடிந்துகொண்டிருந்தால் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகவே முடியும். பத்தாவது கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

8. குஞ்சுகளை நேராகத் தண்ணீரில் விட்டுவிடலாமே, பாவம், மணலில் ஏன் நடக்கவிடுகிறீர்கள்?

முட்டையிட்டு 45 முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவரும். கூட்டிலிருந்து கடல் வரையிலான அந்தச் சிறு நடையில்தான் அவை திசையைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் வெளிச்சமான கடல்வெளியை நோக்கியும், பிறகு எதிர்வரும் அலையை நோக்கியும், ஆழ்கடலில் புவியின் காந்தப்புலத்தைக் கொண்டும் அவை வழி அறிகின்றன. எனவே அலைக்குச் சில மீட்டர் முன்பாக மணலில் விட்டு, தாமாகவே இறங்கவிடுகிறோம். கவிழ்ந்த குஞ்சைக்கூட உடனே நிமிர்த்தாமல் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். பெரும்பாலும் அதுவே திரும்பிக்கொள்ளும்.

பகலில், பார்வையாளர் வரட்டும் என்று குஞ்சுகளைத் தொட்டியில் பல மணி நேரம் வைத்திருந்து விடுவது தவறு. பிறந்தவுடன் நீந்தித் தீர்க்க வேண்டிய ஆற்றலை அவை தொட்டியிலேயே செலவழித்துவிடுகின்றன, காக்கைகளும் காத்திருக்கின்றன.

9. விளக்கை அணைக்கச் சொல்கிறீர்கள். பெண்களும் முதியவர்களும் நடமாடும் இடத்தில் பாதுகாப்பு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். கரையை இருட்டாக்குவதல்ல எங்கள் கோரிக்கை. கடலை நோக்கி ஒளி வீசும் உயர்கம்ப விளக்குகளைத் திருப்பி, மேல்மூடி இட்டு, நடப்பவரின் காலடியில் விழும்படி தாழ்த்தி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நள்ளிரவுக்குப் பின் குறைக்க வேண்டும் என்பதுதான். வெள்ளை ஒளியைவிடச் செம்மஞ்சள் ஒளி ஆமைகளைக் குறைவாகவே திசைதிருப்புகிறது. தெருவிளக்கைவிடப் பெரிய தொல்லை, கடலைப் பார்த்து வீடும் விடுதியும் கட்டியவர்கள் அலங்காரத்துக்காக மணலின் மேல் பாய்ச்சும் விளக்குகள். அவற்றால் எவருடைய பாதுகாப்பும் கூடுவதில்லை.

10. 2025 ஜனவரியில் கரையெங்கும் செத்த ஆமைகள் ஒதுங்கினவே, கடலில் நஞ்சு கலந்துவிட்டதா?

அந்த மாதம் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிதுங்கிய கண்கள், வீங்கிய கழுத்து போன்றவை மூச்சுத்திணறி இறந்ததையே காட்டின. ஆமைக்கு நம்மைப் போலவே நுரையீரல்தான். அமைதியாக இருக்கும்போது நெடுநேரம் மூழ்கியிருக்கக் கூடிய அது, இழுவை வலைக்குள் சிக்கிப் போராடும்போது மூச்சை விரைவில் செலவழித்து மூழ்கி இறந்துவிடுகிறது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983இன்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை வலை போடக் கூடாது. முட்டையிடக் காத்திருக்கும் ஆமைகள் கூடியிருப்பதும் அந்தக் கரையோர நீரில்தான். வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, மீனும் இறாலும் உள்ளே போக, ஆமை மட்டும் மேல்வாய் வழியாக வெளியேறும்படி செய்யும் ஆமை விலக்குக் கருவியும் நெடுநாளாகவே இருக்கிறது. சட்டமும் கருவியும் இருக்க, கடலில் இரவுக் கண்காணிப்புதான் குறைவு. கரையில் நாம் எண்ணுவது ஒதுங்கியவற்றை மட்டுமே. ஆழத்தில் மூழ்கிப்போனவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

11. அப்படியானால் மீனவர்கள்தானே குற்றவாளிகள்?

மீனவர் என்று ஒரே சொல்லில் அடக்குவதால் வரும் குழப்பம் இது. 5 கடல் மைலுக்குள் இழுவை வலை போடும் விசைப்படகு, ஆமையை மட்டுமல்ல, அதே நீரில் சிறு வலை போட்டுப் பிழைக்கும் நாட்டுப்படகு மீனவரின் மீனையும் வாரிக்கொண்டு போகிறது. கரையோர நீரை இழுவை வலையிலிருந்து காப்பதில் ஆமைக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் ஒரே நலன்தான். விசைப்படகிலும் கூலிக்குப் போகிறவரிடம் வலை எங்கே போடுவது என்ற முடிவு பெரும்பாலும் இருப்பதில்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஆமைக்கறியும் இரத்தமும் வெளிப்படையாக விற்பனையான காலம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது படிப்படியாக அடங்கியது. இன்று செங்கல்பட்டு, சென்னைக் கரைக் குப்பங்களில் கூடுகளைக் காப்பவர்களில் மீனவ இளைஞர்களே முன்னணியில் நிற்கிறார்கள். கடலாமைகளைக் காக்க 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளையின் பணி பெரும்பாலும் அவர்களைக் கொண்டே நடக்கிறது. நான் மூன்று பருவம் நடந்தும் பிடிபடாத கூட்டை, கரைவலை இழுக்கும் ஒரு பெரியவர் நின்ற இடத்திலிருந்தே விரலால் சுட்டிக் காட்டியது நினைவிருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “மணல் வேற மாதிரி படுத்திருக்கு தம்பி” என்றார்.

12. மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா?

கிழக்குக் கரையில் 61 நாள் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. முதல் விடையில் சொன்ன பருவத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் தெரியும்: தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும். அது மீன்வளத்துக்கான தடை. ஆமைக்கு வேண்டியது ஜனவரி முதலான கண்காணிப்பு.

13. வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் போட்டுவிடலாமா?

கூடாது. நீர் புகுந்து மயங்கிய ஆமை செத்தது போலவே கிடக்கும். அந்த நிலையில் கடலில் போட்டால் உறுதியாக மூழ்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, நுரையீரலில் உள்ள நீர் வடிய உடலின் பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். மூக்கை மூடக் கூடாது. சில ஆமைகள் தேற ஒரு நாள்கூட ஆகலாம். தேறியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படகின் பின்புறமாக, தலை முன்னே போகும்படி மெதுவாக இறக்கிவிடலாம்.

14. கரையில் சவுக்கு நடுவது நல்லதுதானே? சுனாமிக்குப் பிறகு அரசே நட்டதே?

ஊருக்குப் பின்புறம் காற்றைத் தடுக்க நட்டால் பயனுண்டு. ஆமை முட்டையிடும் மணல்மேட்டிலேயே நடும்போதுதான் கேடு: வேர்கள் குழி தோண்டவிடாமல் தடுக்கின்றன, உதிர்ந்த சருகு மணலை மூடுகிறது, நிழல் மணலின் வெப்பத்தை மாற்றுகிறது. 2004 சுனாமிக்குப் பின் பல இடங்களில் இயற்கையான மணல்மேடுகளைச் சமன்படுத்திவிட்டு அதன் மேல் சவுக்கு வைத்ததும் நடந்தது.

மணல்மேட்டுக்கு அதற்கே உரிய செடிகொடிகள் இருக்கின்றன. படர்ந்து மணலைப் பிடித்துவைக்கும் அடும்பங்கொடியும், காற்றில் உருண்டோடும் முள்ளுருண்டைகளை விடும் இராவணன் மீசையும் யாரும் நீர் ஊற்றாமலே மேட்டைக் கட்டிக் காக்கின்றன. நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் பார்த்த அதே அடும்பை, கடற்கரையைத் ‘தூய்மை’ செய்கிறோம் என்று இயந்திரத்தால் வாரிக் குப்பையோடு கொட்டுவதை இன்றும் காண்கிறேன்.

15. கடலரிப்பில் வீடு போகிறதே, கல் கொட்டாமல் என்ன செய்வது?

வீடு இழப்பவரிடம் ஆமைக்காகக் கல் கொட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்வேன். சோழமண்டலக் கரையில் ஆண்டின் நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்தது. ஒவ்வொரு துறைமுகச் சுவரும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவும் ஓரிடத்தின் அரிப்பை வடக்கே உள்ள அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகின்றன. கல்சுவர் உள்ள இடத்தில் ஆமை மோதிப் பார்த்துவிட்டு முட்டையிடாமலே திரும்பும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மணல்மேடுகளையும் மிகக் கடுமையான காப்பு வகையில் வைத்திருக்கிறது. புதிய கட்டுமானத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், இந்த இடத்தில் இத்தனை கூடுகள் இருந்தன என்று தேதியோடு காட்ட நம் நடைக் குறிப்பேடுகள் உதவுகின்றன. மூன்றாம் விடையில் சொன்ன அந்தச் சலிப்பூட்டும் எண்ணிக்கைக்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

16. வனத்துறை இருக்கும்போது தன்னார்வலர் எதற்கு? நானே கூட்டைத் தோண்டி எடுத்து வைக்கலாமா?

1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தமிழகக் கரையில் ஒவ்வோர் இரவும் நடக்க எந்தத் துறையிலும் ஆள் போதாது. எனவே வனத்துறையின் அனுமதியுடன் அமைப்புகளும் ஊர்க் குழுக்களும் பகுதி பிரித்துக்கொள்கின்றன. அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. பங்குனி ஆமை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. ஊர்வனவற்றின் முட்டையைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை வரை போகும். கூட்டைக் கண்டால் நாய்கள் அண்டாமல் நின்றுகொண்டு வனத்துறைக்கோ அருகிலுள்ள குழுவுக்கோ சொல்லுங்கள்.

17. ஆமையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகிவிடும்?

ஏறிவரும்போதோ குழி தோண்டும்போதோ வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அசையாது, கண்ணில் நீர் வழியும். அது உடலின் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை, அழுகையல்ல. படம் வேண்டாம்.

18. ஆமையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, கடலில் வேறு உயிரே இல்லையா?

ஆமைக்காகக் கரையைப் பார்க்கத் தொடங்கியவர்கள்தான் பலரும் மற்றவற்றுக்கும் போனார்கள். பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகத்தை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரை மீனவர்கள் வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவிப்பது அங்கு நடக்கும் முதன்மையான காப்புப் பணி. வலை அறுந்த இழப்பை யார் ஏற்பது என்பதே அங்குள்ள முதன்மையான கேள்வியும்கூட. கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளை அழிப்பதும், பத்தாம் விடையில் வந்த அதே இழுவை வலைதான்.

19. இத்தனை ஆண்டு நடந்ததில் ஆமை பெருகியிருக்கிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்ல முடியாத கேள்வி இது ஒன்றுதான். கூடுகளின் எண்ணிக்கை ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். ஒரே தாய் ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும் என்பதில்லை. நடப்பவர்கள் கூடினாலே கண்டுபிடிக்கப்படும் கூடுகளும் கூடிவிடும் என்பதால், கூடு மிகுந்த ஆண்டை ஆமை மிகுந்த ஆண்டு என்று நான் எழுதுவதில்லை. இன்று விடும் குஞ்சு தாயாகத் திரும்ப ஆகும் காலத்தையும் ஏழாம் விடையில் பார்த்தோம்.

ஆகவே குறிப்பேட்டில் கூடுகளுக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டையும் எழுதுகிறோம்: அன்றிரவு எத்தனை பேர் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்பது ஒன்று, கரையில் ஒதுங்கிய செத்த ஆமைகள் எத்தனை என்பது மற்றொன்று. ஒதுங்கிய உடலை எண்ணியதும் அதன் ஓட்டில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம், மறுநாள் வருபவர் அதையே இரண்டாம் முறை எண்ணாதிருக்க.